பிள்ளையார் கோயில் வெப்சைட்டும் ஆறு அண்டா சாம்பார் சாதமும்

கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் வெப்சைட் போடக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கே தெரியாது, நானும் போட்டேன். ஆனால் அதையே தொழிலாகச் செய்கிற மகள் வீட்டுக்குள் இருக்கும்போது, அவள் வாயை அடைத்துவிட்டு ஜெராக்ஸ் கடையில் போய் வெப்சைட் போடக் கூடாது. போட்டால் என்ன ஆகும் என்று என் மனைவி மங்கையைக் கேட்டுப் பாருங்கள். நான் சொல்வதைவிட அவள் சொல்வது நீளமாகவும் இருக்கும், ருசியாகவும் இருக்கும். (என்னைத் திட்டுகிற இடங்களில் குரல் தனியாக ஏறி இறங்கும்.)

நாங்கள் இருப்பது அம்பத்தூரில், மேனாம்பேடு பக்கம். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் மிஷின் ஓட்டுகிறேன். படிப்பு பத்தாவது. தெருமுனைப் பிள்ளையாரைப் பார்க்காமல் காலையில் டீ கூடக் குடிக்க மாட்டேன். அப்படித் தினமும் போய் நின்று நின்றே கோயில் கமிட்டியில் செயலாளர் ஆகிவிட்டேன். மற்றபடி எனக்கு ஒரு தகுதியும் கிடையாது.

எங்கள் கோயிலில் வருஷா வருஷம் ஆண்டு விழா நடக்கும். அன்று மதியம் அன்னதானம். பல வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டவர் தேவராஜ். சொந்தமாகக் குட்டி யானை வண்டி வைத்து லோடு அடிக்கிறவர். நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் துடுக்கு. நான் சொல்லும் வருஷத்துக்கு முந்தின வருஷம், பந்தி பாதியில் இருக்கும்போதே சாதம் தீர்ந்துவிட்டது. எவர்சில்வர் தட்டோடு வரிசையில் நின்ற ஒரு வயதான அம்மா, காலி அண்டாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்ல சாமி, லேட்டா வந்தது என் தப்பு" என்று சொல்லித் திரும்பிப் போனார். என் கையில் கரண்டி இருந்தது. போடுவதற்கு ஒன்றும் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே அடுத்த வருஷம் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று, "இந்தத் தடவ அன்னதானப் பொறுப்ப என்கிட்ட குடுங்க" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அது நானா? கூட்டம் முடிந்ததும் சன்னதியில் கற்பூரத்தை ஏற்றி, எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்:

"பிள்ளையாரப்பா, ஒருத்தரும் வெறும் தட்டோட திரும்ப மாட்டாங்க. ஒரு பருக்கை சாதமும் மண்ணுல கொட்ட மாட்டோம். ரெண்டுல எது தப்பினாலும் நான் உன் படி ஏற மாட்டேன்."

தேவராஜ் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். "இன்னா செயலாளரே, ரெண்டு பக்கமும் கேட்ட போட்டு பூட்டிக்கினியே? சோறு பத்தலன்னாலும் மாட்டிப்ப, மிஞ்சினாலும் மாட்டிப்ப. பிள்ளையாருக்கே இது சிரிப்பா கீது பாரு."

"எத்தன பேரு வராங்கன்னு முன்னாடியே தெரிஞ்சுட்டா ரெண்டும் நடக்காதுங்க" என்றேன்.

"எப்டி தெரியும்? ஊடு ஊடா போய் கேப்பியா?"

"வெப்சைட் போடப் போறேன்" என்றேன். அந்த நொடி வரை அப்படி ஒரு எண்ணம் எனக்கு இருந்ததே இல்லை. வாயிலிருந்து தானாக வந்தது. பிள்ளையாரே சொல்லவைத்தார் என்று அப்போது நினைத்தேன். (இப்போது அவர்மேல் பழி போடத் துணிச்சல் இல்லை.)

என் மகள் நித்யாவுக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை. என்ன வேலை என்று கேட்டால், வெப்சைட்டில் எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், மக்கள் அதைப் பார்த்துக் குழம்புகிறார்களா இல்லையா என்று யோசிக்கும் வேலை என்பாள். பட்டன் எங்கே இருக்கணும் என்று யோசிக்கச் சம்பளமா என்று நான் ரொம்ப நாள் சிரித்திருக்கிறேன். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். பிள்ளை சந்தோஷமாக ஒத்துக்கொண்டாள். அங்கேயே வாயை மூடியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

"அப்பா, மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. கோயில் வெப்சைட்டத் தொறக்கிற ஆளுக்கு என்ன வேணும்?"

"பிள்ளையார் தரிசனம்."

"அது கோயில்லயே கெடைக்கும்பா. என்னிக்கு, எத்தன மணிக்கு, எங்க. அதுக்குத்தான் தொறப்பாங்க. அத மேல வெப்போம்."

"பிள்ளையாருக்கு மேல எதையும் வெக்க முடியாதும்மா."

"சரி, படம் சின்னதா வெப்போம். தீபாராதனை வீடியோ வேணும்னா போடலாம், பாக்க வேணாங்கிறவங்க மூடிட்டுப் போக ஓரத்துல ஒரு பெருக்கல் குறி போட்டு..."

நான் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். "பிள்ளையார் படத்து மேல பெருக்கல் குறியா? தீபாராதனைய வேணாம்னு மூடுவாங்களா? நாக்கக் கழுவு!"

மங்கை ரசத்தோடு வந்தவள், "ஆரம்பிச்சிட்டாரு" என்று திரும்பிப் போய்விட்டாள்.

நித்யா விடவில்லை. அன்னதானத்துக்கு வருகிறவர்கள் பேரும் போன் நம்பரும், எத்தனை பேர் என்பதும் போட வேண்டும் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. சாமி சோற்றுக்கு வருகிறவனைப் பார்த்து, நீ யார், உன் பேர் என்ன என்று கேட்கிற வழக்கம் எந்தக் கோயிலில் இருக்கிறது? பசியோடு வந்து உட்கார்ந்தால் இலை போட வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொன்னேன்.

"சரிப்பா, பேரு வேணாம். வரேன்னு சொல்லிட்டு வர முடியாமப் போறவங்களுக்கு?"

"சாமி சோத்துக்கு வரேன்னவன் ஏன் வராமப் போறான்?"

"அடுத்த வருஷத்துக்கும் இதே சைட்தானா? நாளைக்கு வேற விசேஷம் வந்தா எங்க போடுறது? இப்பவே யோசிச்சு வெச்சா பின்னாடி கஷ்டம் இல்ல."

நான் சுவரில் மாட்டியிருந்த பிள்ளையார் படத்தைக் காட்டினேன். "அடுத்த வருஷத்த அவரு பாத்துப்பாரு."

"அவருக்குப் பாஸ்வேர்டு தெரியுமாப்பா?"

இதற்குமேல் அந்தப் பெண்ணிடம் வேலை கொடுக்க முடியுமா? நீயும் வேண்டாம், உன் யோசனையும் வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். அவளும் ரோஷக்காரி. "நான் இனிமே அந்தப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டேன்" என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள். அதுதான் பெரிய கேடாகப் போயிற்று.

அம்பத்தூர் ஓ.டி.யில் பாபு என்று ஒரு தம்பி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். ஆதார், பான் கார்டு, ரயில் டிக்கெட் என்று எழுதிய போர்டின் கடைசியில் "வெப்சைட்" என்றும் எழுதியிருந்தது. நான் என்ன கேட்டாலும் அவனிடம் ஒரே பதில்தான்.

"பிள்ளையார் படம் பெருசா வரணும் தம்பி."

"பண்ணிடலாம் சார்."

"தீபாராதனை முழுசா முடிஞ்ச பிறகுதான் மத்ததெல்லாம் வரணும்."

"பண்ணிடலாம் சார்."

"கமிட்டி உறுப்பினர் படங்கள்ல யாரு முதல்லன்னு சண்டை."

"சுத்த வுட்டுடலாம் சார்."

அடடா, இதல்லவா தொழில் தெரிந்த பிள்ளை என்று மனம் குளிர்ந்தேன். படங்களை ராட்டினம் மாதிரிச் சுற்றவிட்டான். தலைவர் கொடுத்தது அவர் கல்யாணத்துக்கு எடுத்த படம். தேவராஜ் மட்டும் படம் கொடுக்கவில்லை. "என் மூஞ்ச பாத்துகினு எவன் சோறு துன்ன வருவான்?" என்றுவிட்டார்.

கடைசியில் பாபு கேட்டான்: "வரேன்னு சொல்றவங்க அமுக்கறதுக்கு ஒரு பட்டன் வேணுமே சார். எப்டி வெக்கலாம்?"

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. "கோயில்னா மணிதானப்பா! வெங்கல மணி ஒண்ண தொங்க விடு. அடிச்சா டங்குனு சத்தம் வரணும். அடிக்க அடிக்க, எத்தன பேருன்னு கீழ கணக்கு ஏறணும்."

"சூப்பர் சார்! பண்ணிடலாம் சார்!"

வாழ்நாளில் என் யோசனையை யாராவது சூப்பர் என்று சொன்னது அன்றுதான். எதற்கு என்பதுதான் முக்கியம்.

வெப்சைட் வந்தது. பாபுவின் கம்ப்யூட்டரில் பார்த்தபோது பிள்ளையார் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். போனில் பார்த்தால் தும்பிக்கை மட்டும் தெரிந்தது. விரலால் மேலே தள்ளினால் தொந்தி வரும், இன்னும் தள்ளினால் மூஞ்சூறு வரும். அதன்பின் தீபாராதனை. டீ ஆற்றிக் குடித்துவிட்டு வந்தாலும் நடந்துகொண்டிருக்கும். பிறகு கமிட்டி ராட்டினம். எல்லாம் தாண்டி, கடைசியில், சிவப்பு எழுத்தில் அன்னதான அறிவிப்பு. அதன் கீழே வெண்கல மணி. "அன்னதானத்துக்கு வருபவர்கள் மணியை அடிக்கவும்." அதற்கும் கீழே கணக்கு.

விளம்பரத்துக்கு இரண்டு பெரிய பேனர் அடித்து, தேவராஜின் குட்டி யானையில் இரண்டு பக்கமும் கட்டினோம். போனில் காசு அனுப்ப ஸ்கேன் பண்ணுவோமே, அந்த மாதிரி ஒரு கட்டம் அதில் அச்சடித்திருந்தது. போனைக் காட்டினால் நேராகப் பிள்ளையாரின் தும்பிக்கையில் போய் நிற்கும்.

முதல் நாள் கணக்கு நூறைத் தாண்டியது. மூன்றாம் நாள் ஐந்நூறு. நான் தரையில் நடக்கவில்லை. கம்பெனி கேன்டீனில், பால் வாங்குகிற இடத்தில், பஸ் ஸ்டாப்பில், எங்கே யாரைப் பார்த்தாலும் போனை நீட்டினேன். "அடிச்சுப் பாருங்க, சத்தம் எப்படி இருக்கு!" அவர்களும் அடித்துப் பார்த்தார்கள். "நல்லா கீதுபா" என்று இன்னொரு தரம் அடித்தார்கள். கணக்கு ஆயிரத்தைத் தாண்டியபோது மங்கை மட்டும் கேட்டாள்.

"ஏங்க, நம்ம தெருவுல அவ்ளோ பேரு ஏது?"

"புது அப்பார்ட்மென்ட்டு எத்தன வந்திருக்கு! எல்லாம் ஐ.டி. பசங்க. அவங்கல்லாம் ஆன்லைன்லதான் கும்பிடுவாங்க."

அன்னதானத்துக்கு முந்தின நாள் கணக்கு இரண்டாயிரத்தைத் தாண்டி நின்றது. சமையல் மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், போன வருஷம் ரெண்டு அண்டாதான் வெச்சோம். கொஞ்சம் பத்தல. இந்த வருஷம் ஆறு அண்டாவா?"

"கம்ப்யூட்டர் கணக்கு மாஸ்டர். தப்பாது."

தேவராஜ் பக்கத்தில் பூசணிக்காய் இறக்கிக்கொண்டிருந்தார். "தெருவுல கீற எறும்பையும் சேத்து எண்ணினாகூட ரெண்டாயிரம் வராது அண்ணாத்தே. ஒரு தபா பொண்ண கேட்டுக்க."

கேட்பேனா? கேட்டால் நான் அப்பனா?

ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்குள் அபிஷேகம் முடிந்து, பிள்ளையார் அருகம்புல் மாலையில் நிறைந்து உட்கார்ந்திருந்தார். மதியம் பந்தி ஆரம்பித்தது. கூட்டம் நன்றாகவே வந்தது. சாம்பார் சாதம், தயிர்ப் பச்சடி, அப்பளம், கேசரி. நானே பரிமாறினேன். முதல் அண்டா தீர்ந்தது. இரண்டாவதும் தீர்ந்தது. மூன்றாவதை இழுத்து வந்து மூடியைத் திறந்தபோது, வரிசையில் யாரும் இல்லை.

"இப்ப வருவாங்க" என்றேன்.

காக்கை ஒன்று வந்தது. அதற்கும் வைத்தேன்.

அப்போதுதான் நித்யா சாமி கும்பிட வந்தாள். மூடி திறக்காத அண்டாக்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முதல் தடவையாகத் தன் போனில் அந்த வெப்சைட்டைத் திறந்தாள். தும்பிக்கையைத் தள்ளினாள், தீபாராதனை முடியும்வரை பல்லைக் கடித்துக் காத்திருந்தாள், மணியை அடித்தாள். டங். கணக்கில் ஒன்று ஏறியது. மறுபடி அடித்தாள். டங். இன்னொன்று ஏறியது. டங், டங், டங்.

"அப்பா," என்றாள் மெதுவாக, "இது ஆள எண்ணலப்பா. மணிய எண்ணுது."

எனக்குப் புரியவில்லை.

"கோயில் மணிய யாருப்பா ஒரு தடவ அடிச்சிட்டு நிறுத்துவாங்க? நீங்களே எத்தன தடவ அடிப்பீங்க?"

நான் மூன்று தடவை அடிப்பேன். மனக்கஷ்டம் இருந்தால் ஒன்பது.

பந்தியில் பரிமாற நின்றவர்கள் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். எதிர் வீட்டுப் பெரியவர் முட்டி வலியால் கோயிலுக்கு வர முடியாமல், காலையும் மாலையும் வெப்சைட்டில் மணி அடித்துத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தாராம். மூன்றாம் வீட்டுப் பெண், குழந்தை அழுதால் போனைக் கையில் கொடுத்துவிடுவாளாம். அது பால் குடித்து முடிக்கும்வரை அடிக்குமாம். ஊர்ப்பட்ட பேரிடம் நீட்டி அடிக்கச் சொன்னவன் நான்.

"உங்க மிஷின்ல, தெரியாம ரெண்டாவது அடி எறங்கிடக் கூடாதுன்னு ஒரு பூட்டு இருக்குன்னு சொல்வீங்களேப்பா," என்றாள் நித்யா. "அந்த மாதிரி ஒண்ணு வேணும்னுதான் நான் சொல்ல வந்தேன். அதுக்குள்ள நீயும் வேணாம், உன் யோசனையும் வேணாம்னு எந்திரிச்சிட்டீங்க."

நான் பிள்ளையாரைப் பார்த்தேன். நான்கு அண்டா. சாம்பார் சாதம் சாயங்காலம் தாண்டினால் ஊசிப்போகும். ஊசினால் கொட்ட வேண்டும். கொட்டினால் நாளைக் காலையில் நான் எந்தப் படியேறி யாரைப் பார்த்துவிட்டு டீ குடிப்பது? கண்ணில் நீர் முட்டிவிட்டது. புகை என்று சொல்லி வேட்டி நுனியால் துடைத்தேன். அடுப்பு அணைந்து வெகு நேரம் ஆகியிருந்தது.

தேவராஜ் துண்டை உதறித் தலையில் கட்டினார். "இன்னாத்துக்கு கண்ண தொடைச்சிகினு நிக்கிற? அண்டாவ தூக்கு. பசி இந்தத் தெருவுல மட்டுமா கீது?"

குட்டி யானையில் நான்கு அண்டாவையும் ஏற்றினோம். மங்கை முன்னால் உட்கார்ந்தாள். நானும் நித்யாவும் பின்னால் அண்டாக்களைக் கட்டிப்பிடித்தபடி. முதலில் எங்கள் தெருக்கள். "இப்பதானே சாப்ட்டு வந்தோம்" என்றவர்களிடம், "ராத்திரிக்கு அடுப்பு பத்த வெக்காதீங்க" என்று மங்கை பாத்திரம் வாங்கி நிரப்பினாள். சிலர் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே கும்பிட்டார்கள். ஒரு அண்டா பாதியானது. மீதிப் பாதியை எஸ்டேட் பின்பக்கம் தங்கியிருக்கும் வடநாட்டுப் பையன்களிடம் கொண்டுபோனோம். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்கள் பாஷையில் விளக்க முயன்றேன். என் கையசைப்பைப் பார்த்து அடிக்க வருகிறேன் என்று நினைத்து ஒருவன் பின்வாங்கினான். மங்கை ஒன்றும் பேசாமல் ஒரு தட்டில் போட்டு நீட்டினாள். அதற்குப் பிறகு பாஷை தேவைப்படவில்லை. அந்த அண்டாவும் தீர்ந்து அடுத்ததும் தீர்ந்தது.

"இன்னும் ரெண்டு கீது," என்றார் தேவராஜ். "வானகரம் மீன் மார்க்கெட்டுக்கு உடவா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பிள்ளையார் பிரசாதத்த மீன் மார்க்கெட்டுக்கா?"

மங்கை முன்சீட்டிலிருந்து திரும்பினாள். "பசிக்கிறவன் கையில என்ன வாசன வீசினா உங்களுக்கென்னங்க? வண்டிய எடுங்கண்ணா."

மார்க்கெட்டில் வியாபாரம் முடிந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கழுவுகிற பெண்களும் பெட்டி தூக்குகிற ஆட்களும் வரிசையாக வந்தார்கள். ஓர் அம்மா சாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எந்தக் கோயிலு நைனா?" என்றார். சொன்னேன். "புண்ணியமா போவும், நல்லா இரு" என்றார். தேவராஜ் சும்மா இருப்பாரா? "செயலாளரு மணி அடிச்சாரும்மா, அதான் உனுக்கு சோறு" என்றார்.

கடைசி அண்டாவோடு ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். இன்னும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ரொம்ப நேரம் தாங்காது. வாசலில் இருந்தவர் உள்ளே விட முடியாது என்றார்.

"உள்ள வர வேணாங்க. வெளியவே குடுக்கிறோம்."

"எதுக்குக் குடுக்கறீங்க? இன்னா வேண்டுதல்?"

என்ன சொல்வது? வெப்சைட்டில் பட்டன் சரியில்லை, அதனால் உங்களுக்குச் சாம்பார் சாதம் என்றா? "பிள்ளையாருக்கு ஆண்டு விழா" என்று மட்டும் சொன்னேன். அதற்குள் டூட்டி முடிந்து வந்த டிரைவர் ஒருவர் வாசனை பிடித்து நின்றார். "அண்ணே, டிபன் பாக்ஸ்ல போடுவீங்களா?" போட்டேன். அவர் உள்ளே போய் எட்டுத் திசைக்கும் சொல்லியிருக்க வேண்டும். டிரைவர்கள், கண்டக்டர்கள், பஸ் கழுவுகிறவர்கள் என்று ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். நித்யா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு வேகமாகப் போட ஆரம்பித்தாள். (பட்டனைப் பற்றி யோசிக்கிற கை, பரிமாறவும் செய்யும் என்று அன்றுதான் பார்த்தேன்.) கடைசியில் அடியில் பிடித்திருந்ததை நான் சுரண்டி எடுத்து, அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து தின்றேன். காலையிலிருந்து நான் சாப்பிட்ட முதல் கவளம் அது. தீய்ந்த வாசனையோடு, அமிர்தம்.

திரும்பி வந்து கோயில் படியில் கால் வைத்தேன். தேவராஜ் பின்னால் நின்று, "ஏறு ஏறு, உன் சத்தியம் தப்பிச்சிகிச்சி" என்றார். உள்ளே போய் விழுந்து கும்பிட்டேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு மதியம். சாப்பிட்டுக் கொஞ்சம் சாயலாம் என்று படுத்திருந்தேன். தேவராஜ் வந்து கதவைத் தட்டினார். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்.

"செயலாளரே, கோயிலாண்ட வா. உன்ன தேடிகினு ஆளுங்க வந்து கீறாங்க. தட்டோட."

ஓடினேன். மீன் மார்க்கெட்டில் பார்த்த அம்மா, அவருடைய கூட்டாளிகள், பஸ் கழுவுகிற இரண்டு பேர் பிள்ளைகுட்டிகளோடு. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். பூட்டிய கோயில் வாசலில், வெயிலில், மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னிக்குத்தானே நைனா?" என்றார் அந்த அம்மா. "உங்க வண்டியில கட்டியிருந்த பேனர்ல போன காட்டி என் பையன் பாத்து வெச்சிருந்தான். இதோ, போட்டு கீதே."

போனை வாங்கிப் பார்த்தேன். தும்பிக்கை, தொந்தி, மூஞ்சூறு, தீபாராதனை, ராட்டினம். கடைசியில் சிவப்பு எழுத்தில், நான் சொல்லச் சொல்லப் பாபு அடித்தது: "வருகின்ற ஞாயிற்றுக்கிழமை மாபெரும் அன்னதானம். அனைவரும் வருக."

நோட்டீஸில் அப்படித்தானே போடுவோம்? ஆட்டோவில் மைக் கட்டி அப்படித்தானே கத்துவோம்? நோட்டீஸ் மறுநாளே பொட்டலம் மடிக்கப் போய்விடும். மைக் வாயை மூடிவிடும். இந்தப் பாழாய்ப்போன வெப்சைட் அப்படியேதான் இருக்கும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் ஒரு "வருகின்ற ஞாயிறு" இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? (நித்யா சொன்னாள். அடுத்த வருஷம் என்று ஆரம்பித்தாள். நான்தான் சுவரைக் காட்டினேன்.)

ஒருவரும் வெறும் தட்டோடு திரும்பக் கூடாது என்று சொன்ன வாய் என்னுடையது. வீட்டுக்கு ஓடினேன். மங்கை என் முகத்தைப் பார்த்ததுமே, "எத்தன பேரு?" என்றாள். சொன்னேன். ரவை டப்பாவை எடுத்தாள். திட்டவில்லை. அடுப்பைப் பற்றவைத்த விதத்திலேயே எல்லாம் இருந்தது. அரைமணியில் உப்புமா, வாழைப்பழம், மோர். அந்த அம்மா கிளம்பும்போது, "போன வாரம் சாம்பாரு இன்னும் நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாபுவைத் தேடிப் போனால், கடை இருந்த இடத்தில் பிரியாணிக் கடை போர்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். போன் போட்டேன். ஊருக்குப் போய்விட்டானாம். அந்த வரியை எடுக்க வேண்டும் தம்பி என்றேன். "பண்ணிடலாம் சார்" என்றான். அவ்வளவுதான். அதற்குமேல் போனை எடுக்கவில்லை. மூன்றாம் ஞாயிறும் வந்தார்கள், சாதம் வடித்தோம். நித்யாதான் அவனை எப்படியோ பிடித்துப் பாஸ்வேர்டை வாங்கினாள். என் எதிரில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

"அந்த வரிய எடுத்துடவாப்பா? ஒரு நிமிஷ வேல."

நான் மங்கையைப் பார்த்தேன். மங்கை மடியில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும்டி," என்றாள். "அவ்ளோ தூரத்திலேருந்து வராங்க. கோயில்ல மத்தவங்களும் ஆளுக்கு ஒரு வாரம் எடுத்துப்பாங்க. ஆனா அந்த மணிய மட்டும் கழட்டிடு. உங்கப்பனையும் அதுக்குப் பக்கத்துல விடாத."

இன்று வரை எங்கள் கோயிலில் ஞாயிறுதோறும் அன்னதானம் நடக்கிறது. வெப்சைட் இப்போது பேர் கேட்பதில்லை, "எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்கும், வர முடியாவிட்டால் சொல்வதற்கும் வழி இருக்கிறது. பிள்ளையார் சின்னதாக, முழுசாக, தொந்தியோடு தெரிகிறார். புதிதாக வருகிறவர்கள், "என்ன வேண்டுதலுக்கு ஆரம்பிச்சது இது?" என்று கேட்பார்கள். தேவராஜ் நான் பக்கத்தில் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டு, இருந்தால் மட்டும், முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பார்.

போன மாதம் நித்யாவுக்குப் பூந்தமல்லியிலிருந்து ஒரு வரன் வந்தது. ஜாதகம் பொருந்தியிருந்தது. பையனின் அப்பா போன் செய்தார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். கறிவேப்பிலை கொடுக்க வந்த தேவராஜும் வாசலில் இருந்தார்.

"நல்லதுங்க," என்றார் அவர். "அப்ப, வர்ற ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வந்துடறோம்."

அடுக்களையிலிருந்து மங்கையும், உள்ளறையிலிருந்து நித்யாவும், வாசலிலிருந்து தேவராஜும் ஒரே குரலில் கத்தினார்கள்: "தேதி சொல்லச் சொல்லுங்க!"

பாவம், அவர் தயங்கித் தயங்கித் தேதியைச் சொன்னார். சரிங்க, எத்தன பேரு வருவீங்க என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். மங்கை ஈரக்கையோடு ஓடிவந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஏழு பேராம். அவளே கேட்டு, அவளே எண்ணி, ஏழு பேருக்கு அளவாகக் கேசரி கிளறினாள். தட்டுகளைக் கழுவித் துடைத்து அடுக்கி வைத்தது மட்டும் நான்.